முழங்காலைச் சுற்றி ஒரு கோடு

என்ன ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை என்று துரைசாமி சபதம் எடுத்தபோது காலை மணி பத்தே கால். அவருடைய வலது முழங்காலில் 'டக்' என்று சத்தம் கேட்டது பத்து மணிக்கு. நடுவில் இருந்த கால் மணி நேரம் அவருக்கு மூச்சு விடவே சரியாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம். ஆம்பூரில் அவர் வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரிக்கு லாரியில் உப்புப் போட்ட தோல் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மேலே ஏறி இரண்டு கட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். 'சுமார்' என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே இறங்கினார். வலது பாதம் இரண்டு தோல் கட்டுகளுக்கு நடுவில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது. துரைசாமி மட்டும் ஆபீஸ் பக்கம் திரும்பினார். பாதம் ஒரு திசை, ஆள் ஒரு திசை என்றால் நடுவில் இருக்கும் முழங்கால் யார் பேச்சைக் கேட்கும்? டக் என்றது.

துரைசாமி சாதாரண ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அசார்ட்டர், அதாவது தோலைத் தரம் பிரிப்பவர். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும். அந்த ஆடு குட்டியாக இருந்தபோது எந்த முள்ளில் கீறிக்கொண்டது என்று சொல்லிவிடுவார். ஆட்டுக்கே மறந்துபோன காயம் அவருக்குத் தெரியும். தழும்புள்ள தோலில் மெழுகும் சாயமும் பூசி நல்ல தோல் என்று தள்ளிவிடப் பார்க்கும் வியாபாரிகள் உண்டு. துரைசாமி நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டி, "பூச்சு" என்று ஒரே வார்த்தை சொல்லித் தூக்கிப் போடுவார். இந்தக் கதையைத் தினமும் சாப்பிடும்போது மனைவி அமிர்தவள்ளியிடம் சொல்வார். அவள் குழம்பு ஊற்றிக்கொண்டே "உம்" என்பாள். அவள் கேட்பதில்லை என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

லாரி பக்கத்தில் சாக்கு மூட்டை மேல் அவரை உட்கார வைத்தவர் சரக்கு இறக்கும் மேஸ்திரி சர்தார் பாஷா. நல்ல மனிதர். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"துரைண்ணே, காலை நேரா நீட்டுங்க பாப்போம்."

"நேராதான் இருக்குது."

"எங்க? மடங்கினாப்ல நிக்குதே."

"என் காலு எப்பவும் அப்டிதான் பாய்."

சர்தார் பாஷா உச்சுக்கொட்டினார். "இப்டிதாண்ணே எங்க சாச்சா, வாப்பாவோட தம்பி. கட்டை விரல்ல ஒரு கொப்புளம். எங்கியோ ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாரு. சிரிச்சுக்கினேதான் போனாரு. திரும்பி வர்றப்ப லுங்கி ஒரு பக்கம் காத்துல ஆடிக்கினு வருது. உள்ள ஒண்ணும் இல்ல."

துரைசாமி தன் லுங்கியைக் குனிந்து பார்த்தார். இரண்டு பக்கமும் நிரம்பித்தான் இருந்தது. வலது பக்கம் வேண்டியதற்கு மேலேயே நிரம்பிக்கொண்டிருந்தது. அப்போது எடுத்ததுதான் அந்தச் சபதம்.

ஜட்கா வண்டியில் வீட்டுக்கு வந்து இறங்குவதற்குள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. அமிர்தவள்ளி வாசலில் நின்று பார்த்தாள். பக்கத்து வீட்டு பில்கிஸும் கூட நின்று பார்த்தாள். பில்கிஸின் அக்கா வேலூரில் நர்ஸ். அதனால் அந்தத் தெருவில் யாருக்குத் தும்மல் வந்தாலும் முதல் கேள்வி பில்கிஸுடையதுதான்.

"அண்ணா, நாலு விஷயம் கேக்கறேன். எங்க அக்கா சொல்லிக் குடுத்தது. அடிபட்டப்ப உள்ள சத்தம் கேட்டுச்சா?"

"இல்லம்மா."

"ஒடனே வீங்கிடுச்சா?"

"இல்ல இல்ல. கொஞ்சம் கொஞ்சமா."

"காலு ஊன்றி நாலு அடி நடக்க முடியுதா?"

"ஓ, நடக்கறேனே."

"நேரா நீட்ட முடியுதா?"

"அதுக்கு இன்னா கொறச்சல்?"

"அப்ப பயமில்ல. இந்த நாலுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கே காட்டிடணுமாம். நாள் தள்ளக் கூடாதாம்."

துரைசாமிக்கு நாலுமே இருந்தது. "அலமாரி வரைக்கும் நாலு அடி நடந்து காட்டுங்களேன்" என்று மட்டும் அமிர்தவள்ளி கேட்டாள். துரைசாமி நடந்தார். முதல் அடிக்குச் சுவரைப் பிடித்தார். இரண்டாம் அடிக்கு நாற்காலி. மூன்றாம் அடிக்கு பில்கிஸ் நகர்ந்துகொண்டதால் கதவு. நாலாம் அடி அமிர்தவள்ளியின் தோளில் முடிந்தது.

"சுளுக்குதான்" என்றார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"உம்" என்றாள் அவள்.

அடுத்த இரண்டு நாள் துரைசாமி பாயில் கிடந்தார். பயமாக இருந்தது. வலி வந்து வந்து போனது, பயம் போகவே இல்லை. அசார்ட்டர் வேலை நாள் முழுக்க மேஜை முன்னால் நின்று பார்க்கிற வேலை. கால் பக்கம் ஒரு துண்டு குறைந்து வருகிற தோலை எந்த அடுக்கில் போடுவார்கள் என்பது அவரை விட யாருக்கு நன்றாகத் தெரியும்? அவரே எத்தனை முறை போட்டிருக்கிறார். கண்ணை மூடினால் சர்தார் பாஷாவின் சாச்சா, லுங்கியைக் காற்றில் ஆடவிட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அமிர்தவள்ளி கெஞ்சிப் பார்த்தாள்.

"வேலூருக்குப் போயி ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாங்க. பெரிய ஆஸ்பத்திரி. எங்கிருந்தெல்லாம் வர்றாங்க."

"வர்றாங்க. முழுசா போறாங்களா?"

"அந்த சாச்சாவுக்கு சக்கரை வியாதி. கொப்புளத்தோட எட்டு மாசம் சும்மா இருந்தாராம். பில்கிஸ் கேட்டுட்டு வந்து சொன்னா."

"சக்கரையோ வெல்லமோ, போன காலு போனதுதான?"

"பேஜார் பண்ணாதீங்க. எனக்குப் பயமா இருக்குது."

"உனக்கு இன்னா பயம்? காலு என்னுது."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. துரைசாமிக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், ஒரே பெண்ணை அரக்கோணத்தில் கட்டிக் கொடுத்தும் ஆகிவிட்டது. அமிர்தவள்ளி பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்று மனுஷன் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். கையில் காப்பியிங் பென்சில். டேனரியிலிருந்து அவரே கொண்டுவந்தது. நாக்கில் தொட்டு எழுதினால் வயலட் நிறத்தில் பிடிக்கும். தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது.

"டேனரில பூஞ்சை புடிச்ச தோலை இன்னா பண்ணுவீங்க?"

துரைசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழில் கேள்வி. "பூஞ்சையச் சுத்தி கோடு போடுவோம். ஒரு நாள் வெப்போம். மறுநாள் கோட்டைத் தாண்டி வந்திருந்தா அது கெட்டுக்கினு போவுதுன்னு அர்த்தம். ரிஜெக்ட். தாண்டலைன்னா பாஸ். அந்தச் சட்டத்தைக் கொண்டாந்ததே நான்தான்."

"அதேதான். உங்க வீக்கத்தைச் சுத்தி கோடு போடறேன். நாளைக்குப் பத்து மணிக்குப் பாப்போம். தாண்டலைன்னா இந்த ஜென்மத்துல என் வாயால ஆஸ்பத்திரின்ற வார்த்தை வராது."

"தாண்டிச்சுன்னா?"

"உங்க சட்டம்தான்."

ரிஜெக்ட் என்று அவள் சொல்லவில்லை. ஆனாலும் துரைசாமியின் காதில் விழுந்தது. யோசித்துப் பார்த்தார். வீக்கம் முந்தாநாள் அளவுதான் இருக்கிறது. கோடு போடும் இடத்திலும் கொஞ்சம் தாராளமாக இருந்தால் ஜெயித்துவிடலாம். ஒத்துக்கொண்டார். பில்கிஸ் சாட்சிக்கு வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் வெளில போடு" என்றார் துரைசாமி.

போட்டாள்.

"இன்னும் ஒரு விரக்கடை."

"தொடை வரைக்கும் போயிடட்டுமா?"

"பரவால்ல. அங்கயே போடு."

கோடு போடும்போது பென்சில் அவள் கையிலிருந்து இரண்டு தடவை நழுவியது. துரைசாமி அதைப் பார்த்தார். பென்சில் பிடித்துப் பழக்கமில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பந்தயம் என்று வந்தபிறகு அவருக்குள் இருந்த அசார்ட்டர் தூங்கப்போய்விட்டான். வியாபாரி விழித்துக்கொண்டான். வீக்கத்தை இன்றைக்கே கொஞ்சம் வற்ற வைத்துவிட்டால் என்ன?

"அமிர்தம், மஞ்சளும் புளியும் கொதிக்க வெச்சு ஒரு பத்து போட்டு உடேன். அது ஆட்டத்துல சேத்தி இல்லல்ல?"

"சேத்தி இல்லதான்" என்றாள் அவள். உடனே அடுப்பை மூட்டினாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "வீக்கத்து மேலயே போட்டா சூடு தாங்காது. சுத்திப் போடறேன்" என்றாள். சுற்றி, தாராளமாக, கெட்டியாகப் போட்டாள். இதமாக இருந்தது. மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. பத்து காய்வதற்குள் துரைசாமி குறட்டை விட்டார். மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்தார்.

மறுநாள் பத்து மணி. பில்கிஸ் வந்தாள். அமிர்தவள்ளி லுங்கியை முழங்காலுக்கு மேல் ஒதுக்கினாள். துரைசாமி வெற்றிச் சிரிப்போடு குனிந்தார்.

வயலட் கோடு வீக்கத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. வீக்கம் அதைத் தாண்டி இரண்டு விரக்கடை வெளியே வந்து, காய்ந்த மஞ்சள் பத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

துரைசாமிக்குச் சிரிப்பு அப்படியே நின்றது. கண்ணைக் கசக்கிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். இருபத்திரண்டு வருஷத்துக் கை. கோடு உள்ளே, வீக்கம் வெளியே.

"எத்தினி வெளில போடச் சொன்னேன். அதையும் தாண்டிடுச்சே" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

"ஆமாங்க."

"ஒரே நாள்ல இத்தினின்னா, நாளைக்கு?"

"தெரியலீங்களே."

"இடுப்பு வரைக்கும் வந்துடுமா?"

பில்கிஸ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் போலிருக்கிறது என்று துரைசாமி இன்னும் பயந்தார்.

"ரிஜெக்ட்" என்று அவரே சொன்னார். சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வேலூர் பஸ் எப்போ? நிக்கிறியே, சட்டையை எடு."

பஸ்ஸில் கடைசி சீட்டில் காலை நீட்டி வைத்து உட்கார்ந்தார். "காலுக்குத் தனி சீட்டா பெரியவரே?" என்று கண்டக்டர் கேட்டார். "இன்னிக்கு ஒரு நாள் உடுப்பா. திரும்பி வர்றப்ப அது வருதோ இல்லியோ" என்றார் துரைசாமி. கண்டக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பள்ளிகொண்டா தாண்டும்வரை துரைசாமி அமிர்தவள்ளியின் கையை விடவில்லை. அந்தக் கை விரல் நுனியெல்லாம் வயலட்டாக இருந்ததைப் பார்த்தும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. பயம் வந்தால் அசார்ட்டருக்கும் கண் தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். சின்ன வயசு. நிதானமான பேச்சு.

"அடிபட்டப்ப சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுதுங்க."

"எவ்வளவு நேரத்துல வீங்குச்சு?"

"ஒரு மணி நேரத்துக்குள்ள."

"ஊன்றி நடக்க முடியுதா? நீட்ட முடியுதா?"

"ரெண்டும் முடியலீங்க."

அமிர்தவள்ளி அவர் பக்கம் திரும்பினாள். "பில்கிஸ்கிட்ட நாலும் இல்லன்னீங்க."

"அது ஆம்பூர்ல சொன்னது" என்றார் துரைசாமி. பிறகு டாக்டரம்மாவைப் பார்த்துக் கை கூப்பினார். "எந்த எடத்துல வெட்டுவீங்க?"

"எதை?"

"காலைத்தாங்க."

"இப்ப எக்ஸ்ரே எடுப்போம். வேற ஒண்ணும் எடுக்க மாட்டோம், படுங்க."

எக்ஸ்ரேவில் முழங்காலுக்குள் சின்ன எலும்புச் சில்லு ஒன்று பெயர்ந்து, ஒட்டியும் ஒட்டாமலும் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, ஊசியால் எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஊசியைப் பார்த்ததும் துரைசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நர்ஸ் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் முழங்காலையும் சுற்றி இருந்த மஞ்சள் பத்தையும் அழுத்தித் துடைத்தாள்.

"இது என்ன, ரெண்டு கோடு?" என்றார் டாக்டரம்மா.

துரைசாமி திரும்பிப் பார்த்தார். உள்ளே ஒரு வயலட் வட்டம். பத்து போன இடத்தில், நாலைந்து விரக்கடை வெளியே, இன்னொரு வட்டம். தாராளமான வட்டம். அவரே 'வெளில, இன்னும் வெளில' என்று சொல்லிப் போடவைத்த வட்டம். வீக்கம் அதன் பக்கத்திலேயே போகவில்லை.

நகத்தால் மிச்சமிருந்த மஞ்சளைச் சுரண்டினார். "பூச்சு" என்றார்.

அமிர்தவள்ளி விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவளுக்கும் முகம் வெளிறித்தான் இருந்தது. டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரைசாமிக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வருவதற்குள் டாக்டரம்மா பேசிவிட்டார். "எந்தக் கோடா இருந்தா என்ன? அன்னிக்கே வந்திருக்கணும். இந்தச் சில்லு இன்னும் விலகல. இதே கால்ல இன்னும் நாலு நாள் நடந்திருந்தா விலகியிருக்கும். அப்புறம் கத்திதான். இப்ப மாவுக்கட்டு போதும். ஆறு வாரம்."

கத்திக்குப் பயந்து ஓடியவர், ஓடிப்போய் நின்ற இடம் கத்திக்கு நாலு நாள் தள்ளி. இது புரிந்த அதிர்ச்சியில் துரைசாமிக்கு ஊசி குத்தினது கூடத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் காலும் கூட வந்தது. தொடை வரைக்கும் வெள்ளை வெளேரென்று கட்டு. துரைசாமிக்கு உயிர் திரும்பியது. உயிரோடு ரோஷமும் திரும்பியது.

"ஏன் அமிர்தம் இப்டி பண்ண?"

"தூங்கறப்ப தொட்டுப் பாத்தேன். கொஞ்சம் அசைச்சதுக்கே தூக்கத்துல அம்மான்னீங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்பதான் உள்ள இன்னொரு கோடு போட்டேன். நான் சொன்னா கேக்க மாட்டீங்க. கோடு சொன்னா கேப்பீங்க."

அவர் அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் நினைத்தார். வாயில் வந்தது வேறு.

"ஆனா பந்தயத்துல நீ தோத்துட்ட. நெசக் கோட்டை வீக்கம் தாண்டவே இல்ல."

"ஆமா. தோத்துட்டேன்."

"சொன்ன வாக்கு?"

"வாக்கு வாக்குதான். இனிமே என் வாயால அந்த வார்த்தை வராது."

தெருவில் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் துரைசாமி, தானே பந்தயத்தில் ஜெயித்ததை மறக்காமல் சொன்னார். அமிர்தவள்ளி "உம், அவர்தான் ஜெயிச்சாரு" என்று காப்பி கொடுத்தாள்.

ஆறு வாரம் மெல்ல நகர்ந்தது. மாவுக்கட்டுக்குள் அரிப்பு. முதலில் குச்சி விட்டுச் சொறிந்தார். பிறகு விசிறிக் காம்பு. ஆறாவது வாரம் சர்தார் பாஷா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

"எப்போண்ணே பிரிக்கிறாங்க? நாள் தவற விட்டுடாதீங்க. எங்க மாமு ஒருத்தர் அப்டிதான் ஜாஸ்தி நாள் வெச்சுட்டாரு. காலு அப்டியே நின்னுடுச்சு. இப்பவும் பஸ்ல ஏறினா அவரு முன்னால ஏறுவாரு, காலு பின்னால வரும்."

மறுபடியும் பயம் வந்து பாயில் உட்கார்ந்தது. தேதி எழுதிய சீட்டு அமிர்தவள்ளியின் பெட்டியில் இருந்தது. அவள் எடுக்கவில்லை. காலண்டரில் ஆறு வாரம் முடிந்த அன்று காலை, துரைசாமி பாயில் உட்கார்ந்து அவள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு இன்னா தேதி அமிர்தம்?"

"பதினேழு."

"எதாவது விசேஷமா?"

"கொழாய்ல தண்ணி வரல."

காலுக்குள் என்னவோ சுருங்கிக்கொண்டே போவது போல இருந்தது.

"நாம எங்கியாவது போகணும்னு சொன்னாங்கல்ல?"

"எங்க?"

"வேலூருக்கு."

"வேலூர்ல எங்க? கோட்டை பாக்கணுமா?"

"இல்ல. அந்த டாக்டரம்மா இருக்கற எடம்."

"அதுக்கு ஒரு பேரு இருக்குமே. எனக்குத்தான் சொல்லக் கூடாது."

துரைசாமி மாவுக்கட்டைப் பார்த்தார். சர்தார் பாஷாவின் மாமு பஸ் படிக்கட்டில் நின்று அவரைக் கூப்பிட்டார். அதற்கு மேல் தாங்கவில்லை.

"அமிர்தம், என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ."

அமிர்தவள்ளி அடுக்களைக்குள் போனாள். கட்டிவைத்த புளிச்சோற்றுத் தூக்கையும், சீட்டையும், அவருடைய வெளுத்த சட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். நல்ல புடவையை எப்போது மாற்றினாள் என்று அவர் கவனிக்கவே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"பில்கிஸ், ஜட்காவ வாசலுக்கு ஓட்டியாரச் சொல்லு. சொல்லிட்டாரு."

"இவ்ளோ சீக்கிரமாவா அக்கா?" என்றது சுவருக்கு அந்தப் பக்கம். "பத்து மணி வரைக்குமாவது தாங்குவாருன்னு நெனச்சேனே."